ரயிலுக்கு முறை வைத்த ஊர்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கள் ஊருக்கென்று ஒரு ரயில் நிறுத்தம் இருந்தது. நிறுத்தம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு ஆள் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற அறை, ஒரு வேப்பமரம், ஊர்ப்பெயர் எழுதிய பலகை, அவ்வளவுதான். சின்ன லைனை எடுத்துவிட்டுப் பெரிய லைன் போட்டபோது, இங்கே ஏறுவதற்கு ஆளில்லை என்று அதை மூடிவிட்டார்கள். ரயில் எங்களைக் கண்டுகொள்ளாமல் போக ஆரம்பித்தது. டிக்கெட் அறையில் யாரோ வைக்கோல் போட்டார்கள். வைக்கோலைத் தேடி ஆடுகள் வந்தன.

இதில் ஊரில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை, என் அத்தையைத் தவிர. அத்தை அப்போதுதான் திண்டிவனத்தில் காலேஜ் சேர்ந்திருந்தாள். பஸ் பிடிக்க வேண்டுமென்றால் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடும். தாத்தா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ரயில் நின்னா காலேஜு, நிக்கலன்னா கல்யாணம்."

தாத்தா எங்கள் ஊர் மாதா கோயில் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெப மந்திரங்களும், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனம் நல்லதாக அமைய வேண்டிய ஐந்து காரியங்களும் சொல்லிக்கொடுப்பவர். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான் என்பதால் அத்தை மூன்று நாள் சாப்பிடவில்லை.

சித்தப்பாவுக்குத் தங்கை மேல் உயிர். மனு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எழுதினார், எழுதினார், அப்படி எழுதினார். கடைசியில் ஒரு பதில் வந்தது. மூன்று மாதம் வண்டி நின்று பார்க்கும், தினமும் போதுமான பேர் ஏறினால் நிறுத்தம் தொடரும், இல்லாவிட்டால் நிரந்தரமாக மூடப்படும். டிக்கெட் விற்கும் வேலையையும் சித்தப்பாவே எடுத்துக்கொண்டு ஆடுகளை வெளியே துரத்தினார்.

முதல் நாள் ஊரே திரண்டது. கோயில் பேண்டு செட் வாசித்தது, பங்குச் சாமியார் எஞ்சினுக்குத் தீர்த்தம் தெளித்தார், டிரைவருக்கு மாலை போட்டோம். வண்டி கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, அத்தனை பேரும் வழியனுப்ப வந்தவர்கள். ஏறியது அத்தை ஒருத்திதான். அன்றைக்கு விற்றதும் ஒரே டிக்கெட்.

சித்தப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து ஏரித் தண்ணீர் முறை எழுதிய நோட்டை எடுத்துவந்தார். எங்கள் ஊரில் ஏரித் தண்ணீர் வீடு வீடாக முறை வைத்துத்தான் பாயும். அதே வரிசையில் ரயிலுக்கும் முறை வைத்துவிட்டார். இன்றைக்கு இந்த ஐந்து வீடு, நாளைக்கு அடுத்த ஐந்து வீடு. வீட்டுக்கு இரண்டு பேர் காலை வண்டியில் திண்டிவனம் போய் மதிய வண்டியில் திரும்ப வேண்டும். வேலை இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை.

அது மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் காலம். "ஒரு நாள் பொழப்பு போவுது, ஒரே பேஜாருப்பா" என்று முணுமுணுத்த பெண்களே அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். மல்லாட்டைச் செடியைக் கட்டுக்கட்டாக ரயிலில் ஏற்றி, போகும் வழியெல்லாம் காய் ஆய்ந்துகொண்டே போனார்கள். நான் என் முறைக்காகப் பண்டிகை மாதிரிக் காத்திருப்பேன். திண்டிவனம் ஸ்டேஷனில் ஒரு போண்டா நிச்சயம்.

மூன்றாவது மாதம், எங்கள் வீட்டு முறையன்று, எங்கள் பெட்டியில் எனக்கும் தாத்தாவுக்கும் எதிரே ஒரு ரயில்வே அதிகாரி வந்து உட்கார்ந்தார். கையில் நோட்டு. காலடியில் மல்லாட்டைத் தழை. எங்கள் ஊரில் ஏறியவர்களை எண்ணிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க போற பாப்பா?"

கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்?

"எங்கயும் போகலீங்க சார். இன்னிக்கு எங்க வூட்டு முறை."

காய் ஆயும் சத்தம் நின்றது. ஜன்னலோரம் இருந்த அத்தையின் முகம் வெளுத்துப்போனது. அதிகாரி தாத்தாவிடம் திரும்பினார். "என்ன பெரியவரே, பாப்பா என்னமோ சொல்லுதே?"

தாத்தா தொண்டையைச் செருமினார். "கொழந்த தெரியாம சொல்லுதுங்க சார். எனக்குக் கண்ணுல பொறை. திண்டிவனத்துல டாக்டராண்ட காட்டிக்கினு இருக்கேன். இதான் கைய புடிச்சி இட்டுக்கினு போவுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏரிக்கு அந்தக் கரையில் மேய்கிற ஆடு யாருடையது என்று இந்தக் கரையிலிருந்து சொல்லுகிற கண் அது. உபதேசியாரே ஆரம்பித்து வைத்துவிட்டதால் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்தது. ஒருத்திக்குப் பல்வலி, ஒருவருக்குக் கோர்ட்டில் வழக்கு, இன்னொருவர் தம்பிக்குப் பெண் பார்க்கப் போகிறார். அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். திண்டிவனத்தில் இறங்கி, அவர் கண்ணில் மறையும் வரைக்கும் தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடந்தார். வேண்டுமென்றே ஒரு தூணில் இடித்தும் கொண்டார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. வண்டி தொடர்ந்து நிற்கும். சித்தப்பா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். இரண்டு மூன்று வருஷத்தில் நிஜமாகவே போகிறவர்கள் கூடிவிட்டதால் முறை நோட்டுக்கு வேலையில்லாமல் போனதும், அத்தை பட்டம் வாங்கி டீச்சரானதும் பிறகு நடந்தவை.

உத்தரவு வந்த வாரம் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் நீண்ட வரிசை. பல்வலிக்காரி, வழக்குக்காரர், பெண் பார்க்கப் போனவர் எல்லோரும் நின்றார்கள். காரியம் முடியட்டும் என்று அதுவரை பாவத்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. உள்ளே சாமியார் அடிக்கடி இருமினார். தாத்தா மட்டும் போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார்.

திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டேன். "தாத்தா, கண்ணு தெரியலன்னு பொய் சொன்னியே, அத சாமியாராண்ட சொல்லிட்டியா?"

"சொல்லல."

"ஏன் தாத்தா?"

"செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபம் இருந்தாத்தான் பாப்பா சொல்லணும். நானும் ஒரு மாசமா வருத்தப்பட்டுப் பாக்குறேன், வரவே மாட்டேங்குது."

சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு கலக்கமும் இல்லாமல் நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்த பாவத்துக்கு வருந்தாதவர்களின் நெஞ்சு கல்நெஞ்சு என்று வகுப்பில் அவரேதான் சொல்லிக்கொடுத்திருந்தார். தாத்தாவின் நெஞ்சு எப்படியாவது இளக வேண்டும் என்று, ஒன்பது நாள் முழங்காலில் நின்று அவருக்காக ஜெபமாலை சொன்னேன்.