வாளியில் நின்ற தேசி

பழுக்கக் காய்ச்சிய கம்பி பிளாஸ்ரிக்குக்குள் இறங்கும்போது முதலில் ஒரு சீறல் கேட்கும், பிறகு மூக்கைக் கரிக்கிற ஒரு மணம் வரும். எலுமிச்சையைத்தான் நாங்கள் தேசி என்போம்; எங்கள் தேசிமரத்தை நினைக்கிறபோதெல்லாம் தேசி இலையின் மணத்துக்கு முன்னால் எனக்கு அந்த மணம்தான் வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு நிறமடிக்கிற வேலைக்குப் போன அப்பா அங்கிருந்து கொண்டுவந்த வெறும் பெயின்ற் வாளி ஒன்றைக் கவிழ்த்துவைத்து, அடுப்பில் சிவக்கவைத்த கம்பியால் அதன் அடியில் மூன்று ஓட்டைகள் போட்டார். ஒன்று போதாதா என்று அம்மா கேட்டதற்கு, வன்னியில் மழை பெய்கிற பெய்கைக்கு மூன்றும் காணாது என்று சொல்லி, நடுவில் இருந்ததை இன்னும் கொஞ்சம் பெருப்பித்தார். அந்த நடு ஓட்டையால் பின்னாளில் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

போருக்குப் பிறகு நாங்கள் நெடுங்கேணிப் பக்கத்தில் மீளக் குடியேறி அப்போது இரண்டாவது வருடம். எனக்கு ஒன்பது வயது. தகரக் கூரையும் தறப்பாள் சுவருமாக ஒரு கொட்டில், அதற்குப் பின்னால் சமையலுக்குக் கிடுகால் மறைத்த ‘குசினி’, அதற்கும் அங்கால் கிணறு. காணிக்குப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. குடும்பத்தாரின் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு பொலித்தீன் பைக்குள் கட்டப்பட்டு வாசல் மரக்கப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். யார் எப்போது எழும்பிப் போகச் சொன்னாலும் முதலில் எடுக்கவேண்டியது அது. அம்மா அதுவரை மூன்று ஊர்களில் மூன்று தேசிமரம் வைத்து, மூன்றையும் விட்டுவிட்டு வந்தவர். கடைசி மரம் முதல்முதலாகக் காய்த்திருந்தபோதுதான் அந்த ஊரை விட்டார்கள். மற்ற எத்தனையோ இழப்புகளைப் பற்றி வாய் திறக்காத மனுசி, அந்தத் தேசிக்காய்களைப் பற்றி மட்டும் தேங்காய்ப்பால் சொதிக்குப் புளி விடுகிற ஒவ்வொரு நாளும் முணுமுணுப்பார். அதனால்தான் இந்த முறை வாளி.

“நிலத்தில வைச்சால் விட்டிட்டுப் போகோணும். வாளியில எண்டால் தூக்கிக்கொண்டு போகலாம்” என்றார் அம்மா.

கன்று வாங்க நெடுங்கேணிச் சந்தைக்கு அம்மாவோடு நானும் போனேன். லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கன்றுகளை ஏற்றிவந்த ஒருவர், மா, கொய்யா, தோடை, தேசி என்று நிழலில் அடுக்கிவைத்திருந்தார். அம்மா தேசிக் கன்று ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மணந்துபார்த்தார். நாலாவது இலையில் வியாபாரி பொறுமை இழந்து, எல்லாம் ஒரே தாய்மரத்து ஒட்டுக்கன்றுதான், மொட்டையடித்துவிட்டால் பிறகு யார் வாங்குவது என்று கேட்டார். அம்மா அசையவில்லை. உயரமானவற்றை எல்லாம் விட்டு, கட்டையாக, தண்டு தடித்து மொத்தமாக இருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தார். வாளியில் வைக்கப்போகிறோம் என்று அறிந்ததும், வாளி ஒரு வருடத்துக்குத்தான் தாங்கும், பிறகு பெரிதாக ஒன்று மாற்றவேண்டும், இல்லாவிட்டால் மரம் வளராமல் குறளிப் போகும் என்று வியாபாரி புத்தி சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் கன்று என் மடியில் இருந்தது. ஒரு முள் அருகில் நின்ற ஐயாவின் வேட்டியில் கொளுவி ஒரு நூலை இழுத்துவிட, கொண்டக்டர் இந்தப் பயணிக்கும் டிக்கற் எடுக்கவேணும் என்று பகிடி விட்டார். இறங்கும்வரை நான் இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

குசினிக்குப் பின்னால், சட்டி பானை கழுவுகிற தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில் வாளியை வைத்தோம். அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர், பக்கத்து வளவு ஆட்டுப் புழுக்கை என்று கிடைத்ததெல்லாம் அதற்குத்தான். மாரியில் பறவை எச்சம்போல் நிறம் கொண்ட மயிரில்லாத புழுக்கள் இலையில் ஒட்டிக்கொண்டு ஒரே நாளில் கிளையை மொட்டையாக்கிவிடும். அம்மா ஈர்க்கால் அவற்றைத் தட்டிக் கோழிக்குப் போடுவார். வருடம் ஒன்று கழிந்தது, இரண்டு கழிந்தது, பெரிய வாளி கிடைக்கவில்லை, மரமோ குறளவில்லை. என் உயரத்துக்கு வந்து, பிறகு என்னைத் தாண்டி, தகரக் கூரையைத் தொட்டது. இரண்டு வளவு தள்ளி இருந்த பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த தமக்கை, வரும்போதெல்லாம் அதைச் சுற்றிவந்து பார்த்து, “வாளிக்குள்ள ஆர் இப்பிடி வளர்ப்பினம்? உன்ர கைராசியடி” என்பார். அம்மா கேளாதவர்போலத் தேங்காய் திருவுவார். ஆனாலும் அன்றைக்குச் சமையல் நன்றாக இருக்கும்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்று வைத்த அந்த வாளியை மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. ஏன் தூக்கவேண்டும்? மரம் நன்றாகத்தானே நின்றது.

எனக்குப் பன்னிரண்டு நடக்கிற ஆவணி மாதம் மரம் முதல்முதலாகப் பூத்தது. முதற்காய் பிள்ளையாருக்கு, இரண்டாவது சொதிக்கு என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த மாதமே ஒரு காலை நான் பெரியபிள்ளையானேன். என்ன நடந்தது என்று தெரிந்தும், அதை எப்படிப் போய்ச் சொல்வது என்று தெரியாமல் குசினிக்குப் பின்னால் சற்று நேரம் நின்றேன். தைரியத்துக்கோ என்னவோ, தேசியில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மணந்தேன். அதன் பிறகுதான் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். தேசிக்கும் கறிவேப்பிலைக்கும் ‘துடக்கு’, மாதத்தீட்டு, ஆகாது, அந்த நாட்களில் தொட்டால் மரம் பட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். எனக்கும் தெரியும். அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை.

என்னைக் கொட்டிலின் ஒரு மூலையில் சேலை மறைப்புக்குள் இருத்தினார்கள். செய்தி கேட்டு வந்த பெரியம்மா உழுத்தங்களிக்கும் நல்லெண்ணெய்க்கும் உத்தரவு போட்டுவிட்டு, அடுத்ததாகத் தேசியை நினைத்தார். “பிள்ளை இந்தப் பக்கத்தாலதான் கிணத்தடிக்குப் போய் வரும். பூத்து நிக்கிற மரம். அங்கால முன்பக்கம் கொண்டுபோய் வைப்பம்” என்றார். அம்மாவுக்கும் அது சரியாகவே பட்டது. மறைப்புக்குள் இருந்தபடி நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாளி அசையவில்லை. சேற்றில் புதைந்துவிட்டது என்றார் அப்பா. இந்தப் பக்கம் ஆட்டி, அந்தப் பக்கம் ஆட்டி, கடைசியில் மூச்சைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார். ‘படக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வாளி வெடித்துவிட்டதோ என்று அம்மா பதறினார், வெடிக்கவில்லை. முன்வாசல் படலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஐந்தாம் நாள் பூக்கள் கொட்டின. பிறகு இலைகள் சுருண்டு, மஞ்சளித்து, காற்றில்லாத நேரத்திலும் விழுந்தன. சடங்குக்கு வந்தவர்கள் முதலில் மரத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“தொட்டனியோ?” என்று பெரியம்மா கேட்டார்.

“இல்லை” என்றேன்.

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, நம்பாதது நியாயம்தான். அன்று முதல் படலைப் பக்கத்தால் போகக்கூடாது என்று எனக்கு உத்தரவு. பள்ளிக்கூடத்துக்குப் போக வேலியில் ஆள் நுழைகிற ஒரு பொட்டு வெட்டித் தந்தார்கள். அம்மா ஒரு சொல் ஏசவில்லை. காலையும் மாலையும் அந்தக் காய்ந்த குச்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெறும் தண்ணீர் வாளியோடு திரும்பி வருவார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று மரத்தைப் போர் எடுத்தது, நாலாவதை நான் எடுத்துவிட்டேன் என்று அந்த வயதில் நான் முழுமனதாக நம்பினேன். சொதி வைக்கிற நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஐப்பசியில் மழை தொடங்கியது. கூரைத் தண்ணீர் குசினிக்குள் வராமல் பின்பக்கம் ஒரு வாய்க்கால் இழுத்துவிடு என்று அப்பா என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். முன்பு வாளி நின்ற இடத்தில் அதன் அடித்தடம் வட்டமாக இன்னும் இருந்தது. அதன் நடுவில் மண்வெட்டி எதிலோ கொளுவிக்கொண்டது. குனிந்து பார்த்தால் என் பெருவிரல் மொத்தத்தில் ஒரு வேர், நேரே கீழே இறங்குகிறது. மேல்நுனி பிய்ந்து நார்நாராக நின்றது. பக்கத்தில் வேறு மரம் இல்லை. நகத்தால் சுரண்டி மணந்தேன். தேசி.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் படலைக்குப் போய் வாளியைச் சரித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை, ஏனென்றால் அன்றைக்கும் எனக்கு அந்த நாட்கள். அம்மாவைக் கூப்பிட்டு வேரைக் காட்டினேன். அவர் குந்தியிருந்து கனநேரம் பார்த்தார். பிறகு படலைக்குப் போய் வாளியைச் சரித்தார். நான் தள்ளிநின்றே பார்த்தேன். நடு ஓட்டையை அடைத்துக்கொண்டு, அதே மொத்தத்தில், பிய்ந்த வேரின் மற்றப் பாதி நின்றது. மூன்று வருடமாக மரம் வாளியில் வளரவில்லை. தூக்கிக்கொண்டு போகலாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அது எங்களைக் கேளாமலே நிலத்தில் இறங்கிவிட்டது.

“நான் அண்டைக்கு இலை கிள்ளினனான் அம்மா” என்றேன். ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியாது. அழுகையும் வந்தது.

அம்மா நேரே பின்பக்கம் வந்தார். அலவாங்கை எடுத்துவந்து, வேர் இருந்த அதே இடத்தில் கிடங்கு வெட்டத் தொடங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. கிடங்கு முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் வாளியை உருட்டிக்கொண்டு வந்து, கத்தியால் மேலிருந்து கீழாக இரண்டு பக்கமும் வெட்டிப் பிரித்தார். இலையில்லாத மரம் மண்கட்டியோடு சரிந்தது.

“இஞ்சால வந்து மரத்தைப் பிடி” என்றார்.

“எனக்கு இண்டைக்கு ரெண்டாம் நாள், அம்மா.”

“தெரியும். பிடி.”

பிடித்தேன். முள் உள்ளங்கையில் ஏறியது, விடவில்லை. அம்மா மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கி முடிக்கும்வரை நேரே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். காணிப் பத்திரம் அப்போதும் வந்திருக்கவில்லை. அடுத்த நாள் பெரியம்மா வந்தபோது அம்மா அவரைக் கூட்டிப்போய், பிய்த்தது நாங்கள்தான், பிள்ளையில்லை என்று சொன்னார். அது வேறு, இது வேறு என்றார் பெரியம்மா. மார்கழியில் துளிர் வந்ததும் மழையால் தப்பிவிட்டது என்றார். அதற்கு அடுத்த வருடம் காய்த்தபோது, பிள்ளையாருக்கு ஒன்று போக, முதல் ஊறுகாய்க்குச் சீலைத்தலைப்பு நிறையக் காய் மடித்துக்கொண்டு போனவரும் அவர்தான்.

இப்போது அந்தக் கொட்டில் இல்லை, கல்வீடு வந்துவிட்டது. பத்திரமும் வந்து, வாசல் கப்பில் தொங்கிய பை அலுமாரிக்குள் போய்விட்டது. வெட்டிய வாளியின் ஒரு பாதியில் கொஞ்சக் காலம் கோழி தண்ணீர் குடித்தது, பிறகு அதுவும் எங்கோ போனது. தேசிக்குத் துடக்கு ஆகாது என்கிற கதையை மட்டும் எங்கள் வீட்டில் அந்த மழைநாளுக்குப் பிறகு நான் கேட்கவில்லை.

நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். மேல்மாடியில் ஓர் அறை வாடகைக்கு. போன வருடம் ஓமந்தையில் தெருவோரம் கன்று விற்கிற இடத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, ஒரு தேசிக்கன்றும் சீமெந்துப் பூச்சாடி ஒன்றும் வாங்கினேன். நாலு இலை கசக்கி மணந்துதான் தெரிந்தெடுத்தேன். அந்த வியாபாரியும் முறைத்தார். ஞாயிறுதோறும் சாடியைச் சற்றுச் சரித்து அடியைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன ஞாயிறு ஓட்டையால் வெள்ளையாக ஒரு வேர்நுனி எட்டிப் பார்த்தது. கீழே சீமெந்துத் தரை, போக இடமில்லாமல் ஓட்டைக்குள்ளேயே வளைந்திருந்தது. அதைத் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். பெரிய சாடி வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

“அதை ஏன் பிள்ளை அங்க வைச்சுக்கொண்டு நிக்கிறாய்?” என்றார் அம்மா. “வரேக்க கொண்டு வா. இஞ்ச நிலம் கிடக்குதெல்லே.”

சனிக்கிழமை பஸ்ஸுக்குச் சாடியோடு போகிறேன்.