தண்ணீரை வெறுக்கும் பக்கம்

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அப்படிப்பட்ட சைவ வீட்டில் பிறந்துவிட்டு ஆறு வருஷம் நான் மீனைக் கட்டிக்கொண்டு மாரடித்தேன். “ஏட்டி, படிக்கதுக்கு ஒனக்கு ஒரு கத்தரிக்கா கெடைக்கலையா?” என்று அம்மா கேட்காத நாளில்லை.

கத்தரிக்காயில் என்ன இருக்கிறது? என் மீனைக் கேளுங்கள். துருவக் கடலில் வாழும் தட்டை மீன் அது. உப்பு மிகுதியால் கடல்நீர் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் கிடக்கும். மீனின் ரத்தத்தில் அவ்வளவு உப்பு கிடையாது. நியாயப்படி அது உள்ளுக்குள் ஐஸாகிச் செத்திருக்க வேண்டும். சாகவில்லை! ரத்தத்தில் மிதக்கும் ஒரு குட்டிப் புரதம், ஐஸ் துணுக்கு தோன்றியவுடனே அதன்மேல் அப்பிக்கொண்டு வளரவிடாமல் நிறுத்திவிடுகிறது.

அதன் வடிவத்தில்தான் நான் விழுந்தேன். அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த ஒரு சுருள் அது. பதினோரு மணிகளுக்கு ஒரு தடவை திரியோனின் என்ற அமிலம் வரும். பதினோரு மணிகள் சேர்ந்தால் சுருளில் மூன்று சுற்று. ஆகையால் திரியோனின்கள் எல்லாம் ஒரே பக்கமாக வரிசைகட்டி நிற்கும். இரண்டு திரியோனின்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஐஸ் படிகத்தின் அடுக்கில் உள்ள ஓர் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்று. இதை முதலில் படித்தது பாளையங்கோட்டை பஸ்ஸில். நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மாள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

திரியோனினுக்கு இரண்டு முனைகள். தண்ணீரோடு ஒட்டும் ஹைட்ராக்சில் ஒன்று, தண்ணீரை வெறுக்கும் மெத்தில் மற்றொன்று. ஐஸைப் பிடிப்பதில் மெத்திலுக்குத்தான் பெரிய பங்கு என்று உலகில் பலர் முன்பே கண்டிருந்தார்கள். என் கம்ப்யூட்டர் மாதிரிகளும் அதையே சொல்லின. ஆய்வுக்குழுவில் இருந்த பேராசிரியர் மட்டும் மசியவில்லை. “தண்ணிய வெறுக்கது எப்படிம்மா ஐஸுல ஒட்டும்? படம் போட்டுக் காட்டாத. கண்ணால காட்டு.” வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் என் பிஎச்.டி. பதிவு ரத்து. ஆறு வருஷமும் அம்போ.

வெளியே ஒரு கம்பெனியில் காசு கொடுத்துக் கோத்து வாங்கிய புரதம் மூன்று குப்பிகளில் இருந்தது. ஒன்று மீனின் அசல். இன்னொன்றில் திரியோனினுக்குப் பதில் வாலின். அதில் ஹைட்ராக்சில் இல்லை, மெத்தில் உண்டு. மூன்றாவதில் செரின், ஹைட்ராக்சில் உண்டு, மெத்தில் இல்லை. மூன்றும் குப்பியின் அடியில் ஒட்டிய தூசி அளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை மைக்ராஸ்கோப்பின் குளிர்த்தட்டில் முதலில் வெறும் தண்ணீர்த் துளி. ஐஸ் கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி வட்டமாக வளர்ந்து பரந்தது. செரின் போட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு அதுவும் வளர்ந்துவிட்டது. அசல் போட்டதும் ஐஸுக்கு ஆறு பட்டை விழுந்து, இரு முனையும் கூராகி, அப்படியே நின்றது. கடைசியாக வாலின். ஆறு பட்டை, இரண்டு கூர்முனை. நின்றுவிட்டது! நான் போட்ட கூச்சலில் லேப் உதவியாளர் அண்ணாச்சி ஓடி வந்தார்.

“எல்லாம் தண்ணி விசேசம், மேடம்,” என்றார் பெருமையாக.

“எந்தத் தண்ணி?”

அவ்வளவுதான், விஷயம் வெளியே வந்தது. தண்ணீரை வடித்தெடுக்கும் எந்திரத்தின் ஹீட்டர் போன மாதமே எரிந்துவிட்டதாம். சொன்னால் என் வேலை நின்றுபோகும் என்று அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், அங்கேயே தாமிரபரணி ஆற்றில் கேன் கேனாகப் பிடித்து வந்து, வடிகட்டி, டிஸ்டில்டு வாட்டர் கேனில் ஊற்றியிருக்கிறார்.

“அண்ணாச்சி! என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீயளே!”

“என்ன மேடம் இப்படிச் சொல்லுதிய? நம்ம ஆத்துத் தண்ணியவிடச் சுத்தமான தண்ணி எங்கன இருக்கு?”

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஆற்றுநீரில் கரைந்து கிடக்கும் எது ஐஸைப் பிடித்தது என்று அந்தப் பேராசிரியர் கேட்டால் நான் எதைச் சொல்வேன்? கத்தினேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி சத்தமில்லாமல் வெளியே போய், மெடிக்கல் ஷாப்பில் ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

குப்பிகளைச் சுரண்டினால் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். வியாழக்கிழமை மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன். வெறும் தண்ணீர், அப்பளம். செரின், ஏறக்குறைய அப்பளம். அசல் நின்றது. வாலின் நின்றது!

வெள்ளிக்கிழமை குழுவின் முன் வீடியோவை ஓட்டினேன். மெத்திலிலிருந்து விலகி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்து வரிசையாகின்றன, அந்த வரிசை ஐஸின் வரிசையோடு பொருந்திக்கொள்கிறது, வெறுப்புதான் அங்கே ஒட்டவைக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சரி, ஒட்டுது. ஆனா சுத்தத் தண்ணியிலல்லா ஒட்டுது? மீன் ரத்தம் சுத்தத் தண்ணியா? உப்பும் மத்ததும் கலந்து கெடந்தா இந்தப் பிடி நிக்குமா?”

அழிக்காமல் வைத்திருந்த செவ்வாய்க்கிழமை வீடியோவைத் திறந்தேன்.

“ரத்தத்துல பாக்கலை சார். ஆனா தாமிரபரணித் தண்ணியில பாத்திருக்கேன். வேணும்னு செய்யலை, தப்பா நடந்துபோச்சு.” கேன் கதை முழுவதையும் சொன்னேன். ஆற்றுநீரிலும் அதே நான்கு முடிவுகள். அவர் இரண்டு வீடியோவையும் மாற்றி மாற்றி மூன்று முறை பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் என் முகத்தை நேராகப் பார்த்திருக்கவில்லை.

“தேறிட்டியளா, மேடம்?”

“தேறிட்டோம், அண்ணாச்சி.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நம்ம தண்ணி மட்டும் வச்சப்ப ஐஸு நின்னுச்சா?” என்று கேட்டார். நிற்கவில்லை, அப்பளமாய் வளர்ந்துவிட்டது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஹலோகூடச் சொல்லவில்லை அவள்.

“ஏட்டி, மீனு பொழைச்சிட்டா?”

“பொழைச்சிட்டும்மா,” என்றேன். “நானும்.”