நாற்பத்தொரு நிமிடம்

மெர்வி பகலில் தாம்பரே நகரத்துச் சலவைக்கூடம் ஒன்றில் போர்வை மடிப்பாள். மாலையில் பேஸ் கிதார் வாசிப்பாள். டூம் மெட்டல் என்கிற, பாறை நகர்வதுபோல மெதுவாக நகரும் கனத்த இசை. பத்தொன்பது வருடமாக அதே மூன்று பேர். கிதார் அவளுடைய முன்னாள் கணவன் ரைமோ, டிரம்ஸ் அவன் தம்பி இல்போ. விவாகரத்தின்போது வீட்டையும் படகையும் பிரித்துக்கொண்டார்கள். குழுவைப் பிரிக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

ஒத்திகை, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அடியிலுள்ள குண்டுவீச்சுப் புகலிடத்தில் நடக்கும். நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம், இரும்புக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து ரைமோவின் கையோடு வந்துவிட்டது. கான்கிரீட்டுக்குக் கீழே போனும் எடுக்கவில்லை.

"கத்துங்கடா யாராவது!" என்றாள் மெர்வி.

"கத்தினா மேல கேக்காது. உன் பேஸ்தான் கேக்கும். மூணாவது மாடிக்காரம்மா வாராவாரம் புகார் பண்ணுதுல்ல? வாசி," என்றான் இல்போ.

வாசித்தாள். நான்கே சுரங்கள், திரும்பத் திரும்ப. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். மெர்விக்கு மூச்சு முட்டியது. நிறுத்தினால் இங்கேயே கிடந்துவிடுவோம் என்ற பயத்தில் விரல்கள் ஓடின. ரைமோ குனிந்து ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டதைப் பார்த்தாள், திட்டக்கூடத் தெம்பில்லை. அதன்பின் நாற்பத்தொரு நிமிடம் கழித்துத்தான் மூன்றாவது மாடிக்காரம்மா சண்டைபோட வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்தாள்.

மெர்வி வேண்டாமென்று சொல்லியும், வசந்தத்தில் அந்த நாற்பத்தொரு நிமிடமும் அப்படியே புது இசைத்தட்டாக வந்தது. இருவருக்கு எதிராக ஒருத்தி. கேட்டவர்களெல்லாம் மயங்கினார்கள். வெளியீட்டன்று கையெழுத்து வாங்க வந்த தாடிக்காரர் ஒருவர், "இதைப் போட்டா அப்படியே உள்ள போய் உக்காந்துடுறேங்க. வெளிய வரவே மனசில்ல," என்றார்.

"எனக்கு வரணும்னுதான் இருந்துச்சு."

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று மாலை மேடையில் முழுவதையும் வாசிக்க வேண்டியிருந்தது. பாதிக்குமேல் மெர்விக்கு மறுபடி மூச்சு முட்டியது. ரைமோ கண்மூடி வாசித்துக்கொண்டிருந்தான். இங்கே சண்டைபோட யாரும் வரப்போவதில்லை. மெர்வி தன் பேஸ் கிதாரைக் கழற்றி ஒலிபெருக்கிமேல் சாய்த்தாள். ஒலிபெருக்கியின் அதிர்வு தந்திகளில் பட்டு, அது தானாக உறுமத் தொடங்கியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்து, கார் நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றாள். இதோடு சரி என்று நினைத்தபோது அழுகை வந்தது.

உள்ளே ஆரவாரம் எழுந்தது. இல்போ வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

"அடிப்பாவி, மேடையில இதை எப்படி முடிக்கிறதுன்னு ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டோம், நீ முடிச்சுக் குடுத்துட்ட! எல்லா ஊர்லயும் இதையே பண்ணணும்னு ரைமோ சொல்றான்."

"நான் நிஜமாவே போனேன், இல்போ."

"அதேதான்! அந்த நிஜம்தான் வேணும். வா, எல்லாரும் உன்னத்தான் கேக்கறாங்க."

அவளுடைய கோட்டும் வீட்டுச் சாவியும் உள்ளேதான் இருந்தன. போனாள்.

அந்தக் கோடையில் இன்னும் பதினொரு ஊர்களில் மெர்வி மேடையைவிட்டு வெளியேறினாள். பதினொரு முறையும் இல்போ வந்து கூட்டிப்போனான்.