பியான் இல்லாமல்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து, ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்து எழுதியது போல இருக்கும். உண்மையில் மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் எங்கே ‘ல’, எங்கே ‘ள’ என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம். ‘காதல்’ என்ற சொல்லில் மட்டும் சந்தேகம் இல்லை. பட அட்டைகளில் அதை அவ்வளவு தடவை பார்த்திருக்கிறேன்.

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ஒரு பலசரக்குக் கடையில் மரக்கறிப் பக்கம் என் பொறுப்பு. மரக்கறிக்கும் சாம்பிராணிக்கும் நடுவில் ஒரு தட்டு நிறையப் பழைய டிவிடிகள் கிடந்தன. இப்போது எல்லோரும் போனில் பார்ப்பதால் யாரும் வாங்குவதில்லை. குப்பையில் போடச் சொன்னார் முதலாளி அண்ணை. நான் “நாளைக்கு அண்ணை” என்று சொல்லிச் சொல்லிக் காலத்தை ஓட்டினேன். அந்தத் தட்டில் காதலும் பகிடிச் சிரிப்பும் கலந்த படங்களை மட்டும் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைப்பேன்.

வீடு பாரிசுக்கு வெளியே, ரயிலில் போகும் தூரத்தில், கூசேன்வில்லில். என்னோடு அறையில் இருக்கும் நண்பன் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறான். அவனுக்குச் சண்டை இருந்தால்தான் படம்.

“மச்சான், ஐம்பது வயது வரப்போகுது. பெட்டையள் பாக்கிற படத்தைப் பாத்துக் கண்ணைத் துடைக்கிறாய்.”

“வெங்காயம் வெட்டினது.”

“கடையிலை வெட்டின வெங்காயம் கூசேன்வில் வரைக்கும் எரியுதோ?”

கதாநாயகன் விமான நிலையத்தில் கதாநாயகியைத் தேடி ஓடும் இடம் வந்தால் அவன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிடுவான். “பன்னிரண்டு வருசமா அங்கை நிலம் துடைக்கிறன். ஒரு காதலனும் ஓடி வந்து நான் காணேல்லை. ஓடுறதெல்லாம் பிளேனை விட்ட ஆக்கள்தான்!”

அவன் சொல்வது சரிதான். ஆனாலும் எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் இரண்டரை மணி நேரம் பயந்துகொண்டே பார்ப்பேன். கெட்டது நடக்காது என்று தெரிந்துகொண்டு பயப்படுவது ஒரு சுகம். இன்னொன்றும் உண்டு. கதாநாயகன் முக்கால் படம் வரைக்கும் உளறுவான், தட்டை உடைப்பான், தப்பான கதவைத் திறப்பான். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஏளனம் இருக்காது. உளறினாலும் அப்படிச் சிரிக்க ஓர் ஆள் இருக்கும் உலகம் அது. நான் உளறிவிடுவேன் என்ற பயத்தில் பாதி வாழ்க்கையை வாய் திறக்காமல் கழித்தவன்.

சனிக்கிழமைகளில் ஓல்னேயில் இருந்து ஒரு பெண் கடைக்கு வருவார். புதுச்சேரிக்காரர், ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. கணவர் இறந்து பல வருடம். ஒரு நாள் டிவிடித் தட்டைக் கிளறிக்கொண்டு நின்றார்.

“அண்ணா, இதுல நல்ல படம் எது? சிரிக்கணும், கொஞ்சம் அழணும், கடைசியில சேரணும். சேரலன்னா திருப்பிக் குடுத்துடுவேன்.”

“அக்கா, இது கொண்டு போங்கோ. கடைசியிலை சேருவினம்.”

“யாரு சேருவாங்கன்னு சொல்லிட்டீங்களே!”

அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு படம் போகும், ஒரு படம் வரும். வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே படத்தைப் பற்றிச் சொல்வார். “அந்த மழை சீன்ல அவன் குடையைத் திருப்பிப் பிடிச்சான் பாருங்க!” என்று அவர் சிரிக்கும்போது நான் தராசைப் பார்ப்பேன். இலக்கம் எதுவும் கண்ணில் படாது.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருடம் யோசித்தேன். தமிழில் சொல்ல முடியவில்லை. ‘காதலிக்கிறேன்’ என்று எங்கள் ஊரில் ஒருவரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. ‘விருப்பம்’ என்பார்கள், அதையும் மூன்றாம் ஆளிடம்தான் சொல்வார்கள். பிரெஞ்சு என் மொழி இல்லை, வெட்கம் அவ்வளவு இருக்காது என்று நினைத்தேன். ‘ஜு வூ எம்’ என்றால் உங்களை நேசிக்கிறேன். இவ்வளவு காலம் காத்திருந்துவிட்டு மொட்டையாகச் சொல்வதா? ‘பியான்’ என்றால் நல்லாய். அதையும் சேர்த்தேன். ரயிலில் ஒரு கிழமை மனப்பாடம் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை முருங்கைக்காயை நீட்டியபடி சொன்னேன். “ஜு வூ எம் பியான்.”

அவர் முருங்கைக்காயை வாங்கிப் பையில் வைத்தார். பிறகு மெல்லச் சிரித்தார். “முவா ஓசி” என்றார். எனக்கும் அப்படித்தான் என்று அர்த்தம். அன்றைக்குப் படம் எடுத்துப்போக மறந்துவிட்டார். சந்தோசத்தில் மறந்தார் என்று நினைத்தேன்.

அறைக்குப் போய் நண்பனிடம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்தான்.

“விசரா! பியானைச் சேர்த்தால் நேசம் கூடுறதில்லை, குறையுது! நல்ல மனுசன், பழகப் பிடிக்கும், அவ்வளவுதான் எண்டு அர்த்தம். நான் சூப்பர்வைசருக்குச் சொல்லுறது!”

“நல்லாய் எண்டு தானே அர்த்தம்?”

“உன்ரை நல்லாயிலைதான் எல்லாம் நாசம்.”

அந்த மெல்லிய சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வருடமாகத் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றவன், கடைசியில் வாய் திறந்து, நீங்கள் நல்ல வாடிக்கையாளர் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். பாகற்காய் கேட்டார். டிவிடித் தட்டின் பக்கம் திரும்பவில்லை. “படம்?” என்றேன்.

“வேணாண்ணா. வீட்டுல வேலை இருக்கு.”

பாகற்காயையும் வாங்காமல் போய்விட்டார். தெரு முனையில் அவர் திரும்பும்வரை பார்த்தேன். பிறகு ஏப்ரனோடு ஓடினேன்.

“எங்கையடா ஓடுறாய்? தராசிலை பாகற்காய் கிடக்கு!” என்று அண்ணை பின்னால் கத்தினார்.

கார் து நோர் ரயில் நிலையம் வரை ஓடினேன். பாரிசுக்கு வந்து இத்தனை வருடத்தில் ரயிலுக்குக்கூட அப்படி ஓடியதில்லை. அவர் டிக்கெட் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டார். என் பயண அட்டை கடையில், ஜாக்கெட்டுக்குள். வேறு வழியில்லாமல் “அக்கா!” என்று கத்தினேன்.

சனிக்கிழமை, சாமான் வாங்க வந்த தமிழ்ச் சனம் நிறைய என்பதால் ஆறு அக்காமார் திரும்பிப் பார்த்தார்கள். ஏழாவதாக அவர் திரும்பினார். வாசலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“போன கிழமை சொன்னதிலை ஒரு பிழை இருக்கு,” என்றேன். மூச்சு வாங்கியது. “அந்தப் பியானை எடுத்துவிடுங்கோ. பியான் இல்லாமல்.”

பின்னால் இருந்தவர்கள் “பார்தோன், முசியோ” என்று என்னைத் தள்ளினார்கள். அவர் என் ஏப்ரனைப் பார்த்தார், கையில் இருந்த ஒற்றைப் பாகற்காயைப் பார்த்தார். அதை ஏன் கொண்டுவந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு சிரித்தார். வெண்டிக்காயை முறிக்கும்போது சிரிக்கும் அதே சிரிப்பு.

“முதல்ல நீங்க அந்த அக்காவை எடுங்க. பியானை அப்புறம் பாத்துக்கலாம்.”

“ஓம் அக்கா,” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் அந்த ஆறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஏளனம் இல்லை.

போகும்போது சொன்னார். “வாயால சொன்னா எதையாவது சேர்த்துடுறீங்க. எல்லாத்தையும் முதல்லேர்ந்து எழுதிக் குடுங்க, பதினாலாம் தேதிக்குள்ள. சேரணும், ஞாபகம் இருக்கட்டும்.”

எழுதிவிட்டேன். ‘ல’வையும் ‘ள’வையும் அவரே திருத்திக்கொள்வார். நேற்று வந்து கையை நீட்டினார். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்று சொல்லி ஒரு படத்தைக் கொடுத்து அனுப்பினேன். வாங்கிக்கொண்டு போனார். இன்று ஞாயிற்றுக்கிழமை, பெப்ரவரி பதினைந்து.