கூட்டத்தின் பக்கம் திரும்பிய விளக்கு

எங்கள் காலனிப் பொங்கல் விழா நாடகத்துக்கு லைட் போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். அப்போது கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருஷம். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் புத்தகத்தைப் பார்த்துச் செய்துவிடலாம் என்ற திமிர் நிறையவே இருந்தது.

நாடகத்தில் என் தங்கைக்கு மகள் வேஷம். ஒத்திகை தொடங்கியதும் அம்மா கேட்டாள்.

"நடுவுல லைட்ட அணைப்பீங்களா?"

"சீன் மாத்தணும்னா அணைச்சுத்தான் ஆவணும். மேடைக்கு முன்னால படுதா இல்ல."

"அப்ப அவ வரமாட்டா. இருட்டுல பொம்பளப் புள்ளைங்களுக்கு இன்னா வேல?"

நான் சண்டை போடவில்லை. முந்தின வருஷம் கூட்டத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தபோது, காட்சி மாறும் இருட்டில், பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைக் கிள்ளியது. வெளிச்சம் வந்ததும் திரும்பினேன். பின்வரிசை ஆண்கள் எல்லாரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நாடக நோட்டில் நான் 'விளக்கு அணைகிறது' என்று குறித்த இடத்திலெல்லாம் அந்தக் கை இருந்தது.

கல்லூரி நூலகத்தில் மேடை விளக்குகள் பற்றி ஒரே ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அதில் ஒரு பழைய வழி இருந்தது. மேடையின் இரு ஓரத்திலும் பெரிய விளக்குகளைக் கூட்டத்தைப் பார்த்து வைத்துவிட வேண்டும். காட்சி மாறும்போது அவற்றைப் போட்டால் கண் கூசும், மேடை தெரியாது. கூட்டம் முழுக்க வெளிச்சத்தில் இருக்கும்.

அம்பத்தூர் மைக்செட் கடைக்காரரிடம் படம் வரைந்து காட்டினேன்.

"இன்னாமா, நாடகம் பாக்க வர்றவனை போலீஸ் ஸ்டேஷன்ல குந்தவெச்ச மாதிரி பண்ணப்போறே" என்று சிரித்தார்.

அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். யோசித்துவிட்டு, "சரி, போவட்டும்" என்றாள்.

விழாவுக்கு முந்தின நாள், பொழுது சாய்ந்ததும் ஒத்திகை பார்த்தோம். மேடை விளக்குகளை அணைத்து ஓர விளக்குகளைப் போடச் சொல்லிவிட்டு, நடு மேடையில் போய் நின்றேன். காலி நாற்காலிகள் பளிச்சென்று தெரிந்தன. என்னைச் சுற்றி ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. கூட்டத்திலிருந்து துரத்திய இருட்டு மேடைக்கு வந்துவிட்டது. தங்கை நிற்கப்போகும் இடத்துக்கே.

பின்னால் பலகை கிறீச்சிட்டது. யாரோ நெருங்கி வந்தார்கள். கத்த வாயைத் திறந்தேன்.

"காலை நவுத்துக்கம்மா, பெஞ்சி வருது." மைக்செட்காரர்தான்.

வீட்டில் படுக்கும்போது போடும் நீல ஜீரோ வாட்ஸ் பல்பைக் கழற்றி வந்து, பக்கத் திரைக்குப் பின்னால் கட்டினேன். அதில் ஆளின் முகமாவது தெரிந்தது.

"சீன் முடிஞ்சதும் இதுக்கு அடியில வந்து நிக்கணும்" என்றேன் தங்கையிடம்.

"ஏங்க்கா?"

"சொன்னா கேளு."

மறுநாள் நான் அந்தப் பல்புக்கு அடியிலேயே நின்றேன். நாடகம் எதுவும் மனதில் ஏறவில்லை. முதல் காட்சி முடிந்து விளக்குகள் கூட்டத்தின் மேல் விழுந்தன. விசில் பறந்தது. தங்கை ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். நான் திரை ஓரமாக அம்மாவைத் தேடினேன்.

எல்லாரும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, பின்வரிசை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.