சோதனை நாள் விடுப்பு

பூந்தமல்லியில் மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் என் தங்கையை விட்டிருந்தோம். அரசாங்க அதிகாரி சோதனைக்கு வருவதற்கு முந்தின நாள் அங்குள்ள ஆயா சொல்லியனுப்புவாள்: "பாப்பா கத்திகினே கீது. ஊட்டுக்கு இட்டுகினு போய்டு, நாளான்னிக்கி கொண்டாந்து வுடு." அவளோடு ஒரு நாள் கிடைக்கிறதே என்று நானும் பல்லிளித்துக்கொண்டு ஆவடிக்குக் கூட்டி வருவேன்.

ஒருமுறை, சோதனையன்று காலையில் வீட்டில் அவளைக் குளிப்பாட்டும்போது கணுக்காலில் கயிற்றுத் தடம் பார்த்தேன். பழைய தடத்தின் மேல் புதுத் தடம். அவளை இழுத்துக்கொண்டு பஸ் பிடித்து இல்லத்துக்கு ஓடினேன். அதிகாரியிடம் அந்தக் காலைக் காட்டினேன். அவர் இல்லத்தின் பதிவேட்டைப் புரட்டினார்.

"நான் வர்ற நாளெல்லாம் இந்தப் பொண்ணு உங்க வீட்லதானேம்மா இருந்திருக்கு. யார் கட்டினதுன்னு எழுதறது?"

'சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறேன்.' பதிவேட்டில் அப்படி எழுதியிருந்த ஒவ்வொரு வரிக்கும் கீழே என் கையெழுத்து.