மஞ்சள் ஒயர்

மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்தாலும் உள்ளே தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று மனைவி சொன்னாள். எப்போதும் மணியடித்த பிறகே திறப்பவள், அன்று பால் பொங்கிவிடுமோ என்று அவசரப்பட்டிருக்கிறாள்.

லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, திடீரென ஒருநாள் வேலையை விட்டவர் அவர். வீட்டில் எது மக்கர் செய்தாலும் அவர்தான் வைத்தியர். வேலை சுத்தம், மறதிதான் ஜாஸ்தி என்பாள் மனைவி.

பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றினார். கதவு திறந்ததும் கரண்டை நிறுத்த வேண்டிய சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் ஒயர். இரு முனையிலும் மூன்று முறுக்கு, கடைசி முறுக்கு இடப்பக்கம் மடக்கி. அவர் கைவேலையேதான். சுவிட்ச் கெட்டபோது, புதிது வாங்கும்வரை ஓடட்டுமே என்று ஆறு மாதத்துக்கு முன் போட்டது. அடியோடு மறந்துபோயிருந்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்து, பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை மனைவியிடம் கொட்டினார்.

ஓர் அலுவலகக் கட்டடம். மூன்றாம் மாடி லிஃப்ட் கதவின் சுவிட்சுக்கு இதே மாதிரி ஒயர் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தவர், நடுவில் கீழே டீ குடிக்கப் போனார். ஒயர் இருந்ததால், கதவு திறந்திருந்தும் லிஃப்ட் மேலே போய்விட்டது. கையில் டார்ச்சோடு வந்த வாட்ச்மேன் கவனிக்காமல் உள்ளே காலை வைத்து, கீழே விழுந்தார். எல்லோரும் அவரைத் தூக்க ஓடியபோது, இவர் படியேறி ஓடி ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வாட்ச்மேன் பிழைக்கவில்லை. கதவு பழசு என்று விசாரணையை முடித்தார்கள். அதோடு வேலையை விட்டவர், அதன்பின் லிஃப்டில் ஏறியதே இல்லை. எங்காவது கதவு சாத்தும் சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

மனைவி அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வாட்ச்மேன் சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்காங்க. மூணு தடவை தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"இந்தத் தடவை நானும் வர்றேன்."

வாட்ச்மேனின் மனைவி தன் வீட்டு நிலைக்கதவைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை, அழவுமில்லை.

"விழுந்தப்போ ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லம்மா. டார்ச் விழுந்த சத்தந்தான் கேட்டுச்சு. இன்னைக்கும் கேக்குது."

"அந்த டார்ச்சைக்கூட எங்கிட்ட குடுக்கல" என்றாள்.

கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை. கூட வந்த மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.